நாணல்குடியில் சொன்ன சொல்

ஆறுகளுக்கும் மலைகளுக்கும் இன்னும் பெயர் வைத்து முடியாத காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் மருதந்துறையில் நன்னாகன் என்றொரு வளையல் வணிகன் இருந்தான். வளையல் விற்பதெல்லாம் ஒரு சாக்குத்தான். ஊர் பார்ப்பதில்தான் அவனுக்கு உயிர். புதிதாக ஓர் ஊர் இருக்கிறது என்று யாராவது சொல்லிவிட்டால் போதும். சோறு இறங்காது, தூக்கம் வராது, கால் ஓரிடத்தில் நிற்காது.

ஒரு கோடையின் கடைசியில் அவன் நாணல்குடிக்குப் போனான். பெரிய ஏரிக்கு நடுவே இருந்தது அந்த ஊர். வீடுகள் மூங்கில் கால்களின் மேல் நின்றன. தோட்டங்கள் தண்ணீரில் மிதந்தன. நாணலைப் பின்னி, மேலே சேற்றைப் பரப்பி, வெள்ளரி போட்டிருந்தார்கள். தவழும் பிள்ளைகளின் இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டியிருந்தது. தவறி விழுந்தாலும் பிள்ளை வாத்துபோல மிதக்கும்!

இது ஏன், அது எப்படி, இன்னொன்று எதற்கு என்று நன்னாகன் துளைத்தெடுத்தான். ஊர்த்தலைவி கொற்றி சலிக்காமல் பதில் சொன்னாள். எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினால் மலைவெள்ளம் வரப்போகிறது என்று அர்த்தமாம். அப்போது எல்லா ஓடங்களையும் ஒரே கயிற்றில் பிணைத்து, ஊரே சேர்ந்து மேட்டுக்குப் போய்விடுமாம். தனி ஓடத்தை வெள்ளம் விட்டுவைக்காதாம்.

எல்லாம் கேட்டாயிற்று, எல்லாம் பார்த்தாயிற்று. வடக்கே ஒரு காடு இருந்தது. பெருமழைக்கு முந்திய சில இரவுகள் மட்டும் அங்கே மின்மினிகள் காடு முழுக்க ஒன்றாக மின்னி ஒன்றாக அணையும். மூன்று முறை போயும் அதைப் பார்க்க அவனுக்குக் கொடுத்துவைக்கவில்லை. இந்த முறை விடுவதாயில்லை.

“போய்ட்டு வர்றேம்மா” என்றான் நன்னாகன். எல்லா ஊரிலும் சொல்வதுதான். திரும்பி வரும் எண்ணம் துளியும் இல்லை.

“வாப்பா” என்றாள் கொற்றி.

காட்டை நெருங்கும் இடத்தில் ஒருத்தி மோர் விற்றுக்கொண்டிருந்தாள். நாணல்குடியில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள். பிறந்த ஊரின் பெயரைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்தது.

“அங்கேருந்தா வர்றீங்க அண்ணே? கிளம்புறப்போ என்ன சொல்லிட்டு வந்தீங்க?”

“என்னத்தைச் சொல்றது? போய்ட்டு வர்றேன்னுதான்.”

அவள் கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றது. “ஐயோ! எங்க ஊர்ல போறவங்க போறேன்னுதான் சொல்வாங்க. வர்றேன்னு சொன்னா வந்தே ஆகணும். வெள்ளமே வந்தாலும், சொன்னவங்க வராம ஓடத்துக் கயித்தை அவிழ்த்து மேட்டுக்குக் கிளம்ப மாட்டாங்களே! அந்த மரத்தைப் பாருங்க.”

மரத்தில் எறும்புகள் முட்டையோடு சாரைசாரையாக ஏறிக்கொண்டிருந்தன.

“யாரையாவது அனுப்பிச் சொல்லிடலாமே தங்கச்சி?”

“சொன்ன வாய்தான் போகணும். வேற யார் சொன்னாலும் நம்ப மாட்டாங்க.”

நன்னாகன் காட்டைப் பார்த்தான். ஒரு வளையல்காரனுக்காக ஊரே உட்கார்ந்திருக்குமா என்று எண்ணி ஓரடி வைத்தான். இருட்டியதும் ஒருமுறை பார்த்துவிட்டு ஓடிவிடலாம் என்று எண்ணி இன்னோர் அடி வைத்தான். மூன்றாவது அடிக்கு அவன் கால் எழவில்லை. சுரைக்குடுக்கை கட்டிய பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். வளையல் பெட்டியை மோர்க்காரியிடமே போட்டுவிட்டு, வந்த வழியே ஓடினான்.

ஏரிக்கரையை அவன் தொட்டபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. பிணைத்த ஓடங்களில் ஊரே நனைந்து உட்கார்ந்திருந்தது. குழந்தைகள் குளிரில் அழுதார்கள். ஆடுகள் நின்ற தெப்பம் அறுந்து போய்விட்டிருந்தது. தோட்டங்களும் போய்விட்டன. அவன் தண்ணீரில் தடுமாறி நீந்தி வந்து சேர்ந்தான். கொற்றி அவனைக் கைகொடுத்து ஏற்றினாள். ஓடங்களை வீட்டுக்காலோடு கட்டியிருந்த கயிற்றைத் தன் கையாலேயே அவிழ்த்தாள். ஓடங்கள் பாதி தூரம் போவதற்குள், பின்னால் மூங்கில் வீடுகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன.

மேட்டில் ஏறியதும் நன்னாகன் கொற்றியின் காலில் விழுந்தான். “ஆடும் தோட்டமும் என்னாலதானே போச்சு? ஒரு வார்த்தை திட்டுங்கம்மா.”

கொற்றி சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே அவனைப் பார்த்தாள். “அவ்வளவு தூரம் ஓடி வந்திருக்கியே, வழியில ஏதாச்சும் சாப்பிட்டியாப்பா?”

நன்னாகன் வாய்விட்டு அழுதான்.

ஆதலால் மக்களே, ஓர் ஊரின் அதிசயங்களை அறிய ஆசைப்படுகிறவன், அந்த ஊரில் தன் சொல்லை நம்பி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதையும் அறிந்து நடக்க வேண்டும்.