ஒண்ணே முக்கால் பிள்ளை

இதுல ஒரு எழுத்து பொய்யின்னாலும் என் மீசையைச் செரைச்சு உங்க வாசல்ல கட்டித் தொங்கவிடுங்க. அம்புட்டும் நெசம்.

“அம்மா, நான் எந்த மாநிலத்துல குடியேறட்டும்?”

மூச்சு வாங்க மலை ஏறி வந்து கேட்டான் கொத்தனார் மாசானம்.

“பிரசவத்துக்கு ரெண்டே மாசந்தான் இருக்கு. அதுக்குள்ள ஒரு வீடு பாருன்னு எம்பொண்டாட்டி சொர்ணம் வையுதா.”

மலை மேல குடியிருக்கிற சாமியம்மா பலாக்கொட்டை சுட்டுக்கிட்டு இருந்தா. அவனைவிட பத்து வயசு கம்மி. இருந்தாலும் குரு குருதானே.

அந்த மலைக்குக் கெழக்க ஒரு மாநிலம், மேக்க ஒரு மாநிலம்.

மாசானம் நோட்டைப் பிரிச்சான். நாலு மாசமா எழுதுன நோட்டு.

“மேக்க கூலி கூட. வாடகையும் கூட. மீன் மட்டும் மலிவு. கெழக்க அரிசி மலிவு, கூலியும் கம்மி. மேக்க வயசாளிக ஜாஸ்தி, வேலைக்கு ஆளில்ல. கெழக்க இளவட்டம் ஜாஸ்தி, ஒரு வேலைக்குப் பத்துப் பேரு. கூட்டிக் கழிச்சா ரெண்டும் சமமா நிக்குது.”

“பிள்ளைக?”

“சராசரியா வீட்டுக்கு ஒண்ணே முக்கால். ரெண்டு பக்கமும் அதேதான்.”

சாமியம்மா ஒரு கொட்டையை ஊதி வாயில போட்டா.

“ஒண்ணே முக்கால் பிள்ளை இருக்கிற வீட்டைக் கண்டுபிடியும் வே. அந்த வீட்டுக்காரியைக் கேட்டா சொல்லிருவா.”

வேற எவனும் சிரிச்சுட்டுப் போயிருப்பான். மாசானம் வீடு வீடாத் தேடப் போனான். கொத்தனாரு பாத்தியளா, அளவுன்னா அளவுதான்.

கெழக்க ஒருத்தி சொன்னா: “முக்கால் பிள்ளையா? இருக்கே! பத்தாவதுல மூணு தடவை பெயிலாகி உள்ள தூங்குது. தூக்கிட்டுப் போரும்.”

மேக்க ஒருத்தி சொன்னா: “பிள்ளை முழுசா ரெண்டு இருக்கு. வீட்டுக்காரருதான் முக்கால். வேணுமா?”

மூணாம் நாள் கால் வீங்கித் திரும்பி வந்தான்.

“அம்மா, அப்பிடி ஒரு வீடே இல்ல.”

“ஏ மாசானம்!”

கீழேருந்து சத்தம். பொண்டாட்டி புருசன் பேரைச் சொல்லிக் கூப்பிடுதான்னா கோவம் எம்புட்டுன்னு பாத்துக்கிடுங்க.

சொர்ணம் ஏறி வந்தா. இடுப்புல மூணு வயசு மக. முன்னால ஏழு மாச வயிறு.

சாமியம்மா இடுப்பைக் காட்டுனா. “ஒண்ணு.” வயித்தைக் காட்டுனா. அடுத்த கொட்டையை எடுத்து ஊதுனா.

மாசானம் மனசுக்குள்ள கணக்குப் போட்டான். ஒம்பதுல ஏழு. கொத்தனார் அளவுக்கு முக்கால்தான்.

“இவளைக் கேட்டீரா வே?”

“இல்ல…”

“கேளும்.”

நோட்டை மூடுனான்.

“சொர்ணம்… நாம எங்கன குடியிருக்கலாம்?”

வையதுக்கு வாயைத் தெறந்தவ அப்பிடியே நின்னுட்டா.

“என்னையா கேக்கீரு?”

சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு அவளுக்கு. மகளைத் தூக்கி அவன் தோள்ல உக்கார வச்சா.

“நாலு மாசமா பதிலை வச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். கையைப் பிடியும். எறங்கிக்கிட்டே சொல்லுதேன்.”

எறங்கிப் போயிட்டாக.

எந்தப் பக்கம் எறங்குனாகன்னுதானே கேக்கிய? தொண்டை காயுதுல்லா. ரெண்டு உளுந்தவடை, ஒரு டீ, சீனி தூக்கலா. அது வந்தாத்தான் வாயைத் தெறப்பேன்.