தீக்கோட்டுக்கு ஒதுக்கிய புல்லரிசி

மலை அணில் செந்துளிக்கு அன்று வால் ஓரிடத்தில் நிற்கவில்லை. உச்சிக்கிளை வட்டத்தின் உறுப்பினராக வனமன்றத்தில் அது உட்காரப்போகும் முதல் நாள்!

சுனைக்கரையில் யானை முதுகு போல ஒரு பாறை. அதன்மேல் மன்றத் தலைவர், கரடி அம்பலவாணர். கீழே கடமான், முள்ளம்பன்றி, நீர்நாய், கருங்குரங்கு, மயில் தோகைராயர் என்று வட்டத்துக்கு ஒருவர். வெளியே ஒன்றையொன்று கண்டால் விலகி ஓடும் பிராணிகள்கூட இங்கே தோளோடு தோள் உட்கார்ந்திருந்தன.

'இவர்கள்தான் இந்தக் காட்டையே நடத்துகிறார்களா!' செந்துளி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது.

அது வருடாந்தர வரவு செலவுக் கூட்டம். காட்டுக்கு ஒரு பொதுக் குகை உண்டு. ஒவ்வொரு வட்டமும் தன் விளைச்சலில் ஒரு பங்கை அதில் கொண்டுவந்து போடும். புல்லரிசி, இலுப்பைப் பூ, கிழங்கு, தேன் எல்லாம் அங்கே சேரும். காட்டுக்குப் பொதுவான வேலைகளைச் செய்பவர்களுக்கு அந்தக் குகையிலிருந்து தீனி. எந்த வேலைக்கு எவ்வளவு என்பதை மன்றம் முடிவு செய்யும்.

கரடி தொண்டையைச் செருமிக்கொண்டது. "சுனையில் பாசி எடுக்க, நீர்நாய்களுக்கு இலுப்பைப் பூ. ஏற்போர்?"

"ஏற்கிறோம்!"

"யானைத்தடத்தில் விழுந்த மரங்களை அகற்ற, காட்டெருமைகளுக்குக் கிழங்கு. ஏற்போர்?"

"ஏற்கிறோம்!"

முள்ளம்பன்றி கொட்டாவி விட்டது. கருங்குரங்கு பேன் பார்த்துக்கொண்டிருந்தது. செந்துளிக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. பெரிய பெரிய விஷயங்கள் பேசுவார்கள் என்றல்லவா அது நினைத்திருந்தது!

"கிழக்குச் சரிவில் தீக்கோடு பெருக்க, காட்டுக்கோழிகளுக்குப் புல்லரிசி. ஏற்போர்?"

"தலைவரே, ஒரு நிமிடம்!" மயில் தோகைராயர் எழுந்தது. தோகையை ஒரு முறை விரித்து மடக்கியது. கொட்டாவி விட்ட வாய்கள் எல்லாம் மூடிக்கொண்டன.

"தீக்கோடு என்றால் என்ன? கிழக்குச் சரிவின் நடுவில், மேலே செங்குத்துப் பாறையிலிருந்து கீழே ஆறுவரை, சருகு இல்லாமல் பெருக்கி வைக்கும் ஒரு பட்டை. எதற்கு? அந்தப் பக்கம் தீப்பிடித்தால் இந்தப் பக்கம் தாண்டாமல் இருக்க. சரி, கேட்கிறேன். இந்தச் சபையில் யாராவது நம் காட்டுக்குள் தீயைப் பார்த்திருக்கிறீர்களா?"

எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான் பார்த்ததில்லை" என்றது கடமான்.

"யாருமே பார்த்ததில்லை! வராத தீக்கு வருடா வருடம் புல்லரிசி! அதை எனக்குக் கொடுங்கள். சுனைக்கரையில் வெள்ளைக் கூழாங்கல் பதித்து ஓர் ஆடரங்கம் கட்டுகிறேன். ஏழு மலையிலிருந்தும் பிராணிகள் வந்து பார்க்கும்!"

சபை இரண்டாகப் பிரிந்தது. பாதிப் பேர் அரங்கம் வேண்டும் என்றார்கள். பாதிப் பேர் பழைய வழக்கத்தை ஏன் மாற்ற வேண்டும் என்றார்கள். கூச்சல் ஏறியது.

செந்துளி மெல்ல எழுந்து நின்றது. "தலைவரே! ஒரு திருத்தம். தீக்கோட்டில் மேல் பாதியை மட்டும் பெருக்கட்டும். கீழ்ப் பாதிக்கான புல்லரிசியை அரங்கத்துக்குக் கொடுப்போம். இரண்டு பக்கமும் திருப்தி!"

"அருமை, தங்கச்சி!" என்று கூவியது மயில்.

"ஏற்போர்?" என்றது கரடி.

"ஏற்கிறோம்!" என்று சுனையே அதிரும்படி குரல் எழுந்தது.

முதல் நாளிலேயே தன் பேச்சால் ஒரு தீர்மானம்! செந்துளி அன்று கிளை கிளையாகத் துள்ளிக்கொண்டுதான் வீடு திரும்பியது.

தை போயிற்று. மாசியும் போயிற்று. சுனைக்கரையில் வெள்ளைக் கூழாங்கற்கள் நிலா இறங்கி வந்ததுபோலப் பளபளத்தன. போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்தார்கள். "நம் அணிலம்மா கொண்டுவந்த திருத்தம்!" என்று பேசிக்கொண்டார்கள்.

பங்குனியில் ஒருநாள் செந்துளி அத்திப்பழம் தேடிக்கொண்டு கிழக்குச் சரிவுக்குப் போனது. மரத்துக்கு மரம் தாவியே பழகிய அதற்கு, திடீரென்று அடுத்த மரம் எட்டவில்லை. கீழே பார்த்தது. நான்கு யானைகள் சேர்ந்து நடக்கும் அகலத்துக்கு வெறும் மண். ஒரு சருகு இல்லை, ஒரு புல் இல்லை. மேலே செங்குத்துப் பாறைவரை அந்தச் செம்மண் பட்டை நேராக ஏறிப் போயிற்று.

ஓரத்தில் காட்டுக்கோழிகளின் தலைவன் கொண்டையன் புழு பொறுக்கிக்கொண்டிருந்தது.

"வாருங்கள், உறுப்பினரம்மா!" என்றது. "இது நாங்கள் பெருக்கியது. அதோ அந்த மருத மரத்திலிருந்து கீழே ஆறுவரை பெருக்கவில்லை. அதற்குத்தான் புல்லரிசி வரவில்லையே!"

அந்தக் கீழ்ப் பகுதியில் சருகு முழங்கால் அளவு குவிந்து கிடந்தது.

செந்துளி இறங்கி வெறும் மண்ணைக் கடந்து அந்தப் பக்கம் போனது. போனதும் அப்படியே நின்றுவிட்டது.

கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த மரங்கள் எல்லாம் கருகியிருந்தன. ஒரு மரத்தின் அடியில் கரி இன்னும் பளபளத்தது. அடுத்ததில் பழைய கரியின்மேல் புதுப் பட்டை வளர்ந்து, அந்தப் பட்டையும் மறுபடி கருகியிருந்தது. இன்னொன்றில் கரியின்மேல் பாசி. பாசிக்குமேல் மறுபடி கரி. பாறையிலிருந்து ஆறுவரை, கண்ணுக்கு எட்டிய தூரம் எல்லாம் அதே தழும்பு!

அணில் திரும்பி இந்தப் பக்க மரங்களைப் பார்த்தது. ஒன்றில்கூடக் கரி இல்லை. பச்சைப் பட்டை, தேன்கூடு, குருவிக் கூடு.

"கொண்டையா! இங்கே தீ வந்திருக்கிறது! ஒரு முறை இல்லை, எத்தனையோ முறை!"

கோழி கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது. "அட, ஆமாம்! நாங்கள் பெருக்கி முடித்ததும் இரை தேடப் போய்விடுவோம். இந்தப் பக்கம் வந்ததே இல்லையம்மா."

செந்துளிக்கு அப்போதுதான் புரிந்தது. தான் பிறந்ததற்கும் முன்பிருந்தே தீ இந்த இடம்வரை வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் இந்த வெறும் மண்ணின் முன்னால் வந்து நின்று அணைந்திருக்கிறது. உள்ளே சுனைக்கரையில், "ஏற்போர்?" என்று ஒரு தூக்கக் குரல் கேட்க, "ஏற்கிறோம்!" என்று கொட்டாவி விட்டுக்கொண்டே பதில் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒரு வார்த்தையில்தான் ஒரு காடு முழுவதும் பிழைத்துக் கிடந்திருக்கிறது!

அந்த வார்த்தையில் பாதியைத்தான் அது வெட்டியிருந்தது.

செந்துளி ஒரே ஓட்டமாகக் கரடியிடம் ஓடியது. மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னது.

அம்பலவாணர் தலையைச் சொறிந்தது. "நிறைவேறிய தீர்மானத்தை நான் மாற்ற முடியாதே, அம்மா. திருத்தம் கொண்டுவந்தவரே முழு மன்றத்தின் முன் நின்று, என் முடிவு தவறு என்று சொல்ல வேண்டும். இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை."

"கூட்டுங்கள் மன்றத்தை!" என்றது செந்துளி.

மன்றம் கூடியது. வெள்ளைக் கூழாங்கல் அரங்கத்தின் நடுவில்தான் அணில் நிற்க வேண்டியிருந்தது.

"நான் சொன்னது தவறு. தீக்கோட்டை ஒரு நாளும் நான் போய்ப் பார்த்ததில்லை. பார்க்காமலே அதைப் பாதியாக்கினேன்."

கருங்குரங்கு களுக்கென்று சிரித்தது. மயில் கழுத்தை உயர்த்தியது. "வந்த வருடமே இப்படியா? நாளைக்கு அரங்கத் திறப்பு! எங்கோ ஒரு கரித்துண்டைப் பார்த்துவிட்டுப் பயப்படலாமா?"

"அண்ணே, பேசி நம்பவைக்க எனக்குத் தெரியாது. வந்து பாருங்கள். எல்லாரும் வாருங்கள். பார்த்தபிறகும் இந்தப் புல்லரிசி வீண் என்றால் நான் மன்றத்தை விட்டே போய்விடுகிறேன்!"

கடமான் முதலில் எழுந்தது. "பார்த்தால் என்ன குறைந்துவிடும்?" அதன் பின்னால் ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

கிழக்குச் சரிவில் அந்தத் தழும்புகளை எல்லாரும் கண்டார்கள். முள்ளம்பன்றி ஒரு கரியை முகர்ந்து பார்த்துவிட்டுப் பின்வாங்கியது. கரடி ஒரு மரத்தில் தன் கையை வைத்தது. கரி அதன் தலைக்கும் மேலே ஏறியிருந்தது. மயில் மரத்துக்கு மரம் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போது கடமான் மூக்கைத் தூக்கியது. "புகை!"

எதிரே மொட்டைமலையின் உச்சியில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சிவப்பாயிற்று. காய்ந்த புல்லைத் தின்றுகொண்டு, காற்றைப் பின்னால் வைத்துக்கொண்டு, மலைமேலிருந்து தீ இறங்கி வந்தது!

"கொண்டையா! எங்கிருந்து பெருக்க வேண்டும்?" என்று கத்தியது செந்துளி.

"மருத மரத்திலிருந்து கீழே, ஆறுவரை!"

யார் உறுப்பினர், யார் வேலைக்காரர் என்று அப்போது யாரும் பார்க்கவில்லை. காட்டுக்கோழிகள் கூட்டமாக வந்து கால்களால் சருகைக் கிளறித் தள்ளின. கரடி நகங்களால் புதரைப் பிடுங்கி எறிந்தது. கடமான் கொம்பால் வாரியது. கருங்குரங்கு கை கொள்ளும் மட்டும் அள்ளியது. அவற்றின் நடுவே மயில் தோகைராயர் தன் தோகையைத் தரையில் விரித்து, முன்னும் பின்னுமாக ஓடிப் பெருக்கியது! பீலிகள் முள்ளில் சிக்கி ஒவ்வொன்றாக அறுந்தன. அது நிற்கவே இல்லை.

தீ வந்துவிட்டது. மரத்துக்கு மேல் மரம் வைத்த உயரம். அதன் இரைச்சலில் பக்கத்தில் கத்துவதுகூடக் கேட்கவில்லை. பகல் வெளிச்சமே செம்பு நிறமாக மாறிவிட்டது.

"மேலே பாருங்கள்!" என்று அலறியது முள்ளம்பன்றி.

அந்தப் பக்க மரத்திலிருந்து இந்தப் பக்க மரத்துக்கு ஒரு காய்ந்த கொடி தொங்கிக்கொண்டிருந்தது. தீ அதன் வழியாக ஊர்ந்து வந்தது. செந்துளி ஒரே பாய்ச்சலில் மரமேறிக் கொடியைப் பல்லால் கடித்தது. கொடி தடிமன். சூடு கண்ணைத் தீய்த்தது. கடித்தது, கடித்தது, கடித்துக்கொண்டே இருந்தது. கொடி அறுந்து, எரிந்துகொண்டே வெறும் மண்ணில் போய் விழுந்தது. அணிலின் வால்நுனி பொசுங்கியிருந்தது.

அதன்பிறகு அவர்கள் செய்வதற்கு எதுவும் இல்லை. பின்வாங்கி நின்று பார்த்தார்கள்.

மேல் பாதியில், கோழிகள் முன்பே பெருக்கி வைத்திருந்த இடத்தில், தீ மண்ணின் ஓரத்துக்கு வந்தது. நாக்கை நீட்டித் துழாவியது. தின்ன ஒன்றும் இல்லை. குனிந்தது. குட்டையாயிற்று. பிறகு, அத்தனை பெரிய தீ, ஒரு கோழியின் கால் கீறிய மண்ணைத் தாண்ட முடியாமல், நின்ற இடத்திலேயே செத்தது.

கீழ்ப் பாதியிலும் அப்படியே அடங்கியது. ஆனால் ஆற்றங்கரை ஓரத்தில் ஒரு சிறு துண்டைப் பெருக்கி முடிக்க நேரம் இருக்கவில்லை. அந்த இடைவெளியில் தீ நுழைந்தது. நாணல்காடு முழுவதும் எரிந்து, ஆற்று நீரைத் தொட்டபிறகுதான் அணைந்தது. அங்கே கூடு கட்டியிருந்த கொக்குகள் வானத்தில் சுற்றிச் சுற்றிக் கதறின. செந்துளி அதைக் கேட்டுக்கொண்டு நின்றது. அதற்குக் கண்ணீர் நிற்கவில்லை.

ஒரு பக்கம் சாம்பல், மறுபக்கம் பச்சை. நடுவில் அந்த வெறும் மண். எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கரடி, கோயில் வாசலில் நிற்பதுபோல, இரண்டு கைகளையும் சேர்த்துக்கொண்டு நின்றது.

கடைசியில் மயில் முன்னால் வந்தது. அதன் பின்னால் இப்போது இரண்டு மூன்று பீலிகள்தான் மிச்சம். "தலைவரே, அரங்கத்துக்குக் கொடுத்ததில் மீதி இருக்கும் புல்லரிசி முழுவதும் கொக்குகளுக்கு மறுபடி கூடு கட்டித் தருபவர்களுக்குப் போகட்டும். இனிமேல் தீக்கோட்டுக்கு முழுப் பங்கு. இது என் தீர்மானம்."

அம்பலவாணரின் குரலில் தூக்கம் இல்லை. "ஏற்போர்?"

யாரும் அவசரப்படவில்லை. ஒவ்வொருவரும் ஒரு முறை சாம்பலைப் பார்த்தார்கள். ஒரு முறை பச்சையைப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள்.

"ஏற்கிறேன்."

"ஏற்கிறேன்."

செந்துளி கடைசியாகச் சொன்னது.

கொண்டையன் சிறகை உதறிக்கொண்டது. "அந்த ஆற்றோரத் துண்டில் எரியாமல் கிடப்பதையும் இப்போதே பெருக்கிவிடலாம், வாருங்கள்!" என்றது. மன்றம் மொத்தமும் அதன் பின்னால் நடந்தது.

ஒரு துன்பம் வராமலே இருக்கிறது என்றால், எங்கோ யாரோ நாள்தோறும் செய்யும் சாதாரண வேலை அதைத் தடுத்துக்கொண்டிருக்கிறது. போய்ப் பார்க்காமல் அந்த வேலையை வீண் என்று வெட்டக் கூடாது.