யாராவது என்று எழுதிய தாமரை இலை

ஒரே ஓடையில் மூன்று குளங்கள் இருந்தன. மலையடியில் மேல்குளம். அதற்குக் கீழே நடுக்குளம். கடைசியில் கடைக்குளம். அங்கே வாழ்ந்த விலங்குகள் செய்த தவறுகளை நடந்த வரிசையிலேயே சொல்ல வேண்டும். வரிசை மாறினால் செய்தவர்களுக்கு வசதியாகிவிடும்.

முதல் தவறு மேல்குளத்துக் கரடி சடையன் செய்தது. தேனீக்களை விரட்டித் தேன் எடுப்பதற்காக அது மலை முழுவதும் புகை போட்டது. மரங்கள் கருகின. மலை மொட்டையானது. மழைநீரைப் பிடித்து வைக்க அங்கே வேர்கள் மிஞ்சவில்லை.

இரண்டாவது தவறு நடுக்குளத்து எருமை காத்தாயி செய்தது. ஓடைக்கரையில் நாணல் அடர்ந்து நின்று வெள்ளத்தின் வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது. காத்தாயி தன் கூட்டத்தோடு வந்து அதை அடிவரை மேய்ந்து தீர்த்தது.

மூன்றாவது தவறு கடைக்குளத்து நீர்நாய் பொன்னன் செய்தது. குளம் நிரம்பினால் மிஞ்சிய நீர் வெளியேற அங்கே கலுங்கு என்று ஒரு கல்வழி உண்டு. அதை ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டது. செடிக்கு அடியில் மீன் ஒளியும், பிடிக்கச் சுலபம் என்று பொன்னன் அதைத் தொடவே இல்லை.

நான்காவது, இந்த மூன்று தவறுகளும் சேர்ந்து ஓர் ஆடி மாதம் வெள்ளமாக வந்தன. கடைக்குளத்துக் கரையில் ஆள்காட்டிக் குருவி ஒச்சாயி இட்டிருந்த நான்கு முட்டைகளையும் கொண்டுபோயின.

ஐந்தாவது, ஒச்சாயி குளம் குளமாகப் பறந்துபோய், "டிட்டிட்டீ! செஞ்சது யாரு? டிட்டிட்டீ! சொல்லுங்க, செஞ்சது யாரு?" என்று கத்தியது. தூக்கம் கெடுகிறது, இனி ஒரு வருடம் கத்தக் கூடாது என்று அதன் வாய்க்குத் தடை போட்டார்கள். மூன்று குளங்களும் ஒன்றாகச் சேர்ந்து எடுத்த முதல் முடிவு அதுதான்!

ஒரு வருடம் போனது. மறுபடியும் ஆடி நெருங்கியது. இப்போது எல்லோருக்கும் கவலை வந்தது. போன வெள்ளத்தில் சடையனின் தேன் பொந்துக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. காத்தாயி புரண்டு படுக்கும் சேற்றையும் வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது. ஆகவே நடுக்குளத்தில் கூட்டம் போட்டார்கள். எழுத்தர் ஆமை தாமரை இலையும் முள்ளுமாக வந்து உட்கார்ந்தது.

ஒச்சாயியும் வந்தது. இந்த வருடமும் அது கரைமேட்டில் நான்கு முட்டைகள் இட்டிருந்தது. அதன் துணைவன் அடைகாத்துக்கொண்டிருந்தான்.

"மறுபடியும் அங்கேயா போட்டே?" என்று காத்தாயி சிரித்தது. "மரத்து மேல போட்டா என்னவாம்?"

"என் கால் கிளையைப் பிடிக்காது மதினி! கூழாங்கல் கிடக்கிற தரைதான் எனக்கு வீடு. உங்களை யாராவது மரத்து மேல படுக்கச் சொன்னாங்களா?"

கூட்டம் சிரித்தது. ஒச்சாயி கரடியின் பக்கம் திரும்பியது.

"சடையன் அண்ணே! உங்க மலை எறும்பு முட்டையைத் தூக்கிக்கிட்டு மேடு ஏறினா, அரை நாளில் அங்கே மழை. இது உங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியாது. அந்தச் சேதியை மட்டும் கீழே சொல்லி அனுப்புங்க. அரை நாள் கிடைச்சா நாங்க கலுங்கைச் சுத்தம் பண்ணிடுவோம். என் நாலு முட்டையும் பிழைக்கும்."

"எங்க எறும்பு எங்களுக்கு!" என்றது சடையன். "அது மேல்குளத்து ரகசியம்!"

"அப்ப தண்ணியையும் மேல்குளத்திலேயே வச்சுக்கோங்க!"

கூட்டம் மறுபடியும் சிரித்தது. சடையனுக்கு வெட்கமாகிவிட்டது. "சரி, சரி! சேதி தரேன்" என்றது. பெரிய மனது பெரிய மனது என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

பாராட்டுக் கேட்டதும் சடையனுக்கு உற்சாகம் பிறந்தது. "இன்னொண்ணும் எழுதுங்க ஆமையாரே! மலையில எத்தனை புகை போடுறோமோ, அத்தனையையும் குடிக்கிற அளவுக்கு மரம் நடுவோம். கூட்டிக் கழிச்சா புகை பூஜ்யம்!"

"பூஜ்யம்! பூஜ்யம்!" என்று தவளைகள் ஆர்ப்பரித்தன.

ஆமை முள்ளைத் தூக்கியது. "சேதியை மலையிலிருந்து கொண்டுவரப்போவது யார்? மரம் நடப்போவது யார்? பெயர் சொல்லுங்கள்."

சடையன் வானத்தைப் பார்த்தது. காத்தாயி வாலால் ஈ ஓட்டியது. பொன்னன் தண்ணீருக்குள் மூழ்கி, கொஞ்ச தூரம் தள்ளிப்போய் எழுந்தது.

"பேரெல்லாம் எழுதினா மனஸ்தாபம் வரும்" என்றது காத்தாயி.

"ஆமா, ஒத்துமை முக்கியம்" என்றது பொன்னன்.

"யாராவது செய்வாங்க. அப்படியே எழுதுங்க" என்றது சடையன்.

ஆமை எழுதி வாசித்தது. "ஒன்று: மலையில் எறும்பு மேடு ஏறினால், யாராவது கீழே சொல்லுவார். இரண்டு: மலையில் யாராவது மரம் நடுவார்."

"யாராவதுன்னா யாரு?" என்று ஒச்சாயி துள்ளியது. "அவர் எந்தக் குளம்? நாலு காலா, ரெண்டு காலா? நான் அவரைப் பார்த்ததே இல்லையே!"

"ஆரம்பிச்சிட்டா!" என்றது பொன்னன். "நல்லது நடக்கும்போதும் குற்றம் சொல்லணுமா தாயி?"

ஒச்சாயியின் தடையை இன்னும் ஒரு வருடம் நீட்டித்துவிட்டு, கூட்டம் மகிழ்ச்சியாகக் கலைந்தது. தீர்மான இலையைப் பாதுகாப்பாக நடுக்குளத்தில் வைத்தார்கள். சாயங்காலம் பசித்தபோது காத்தாயி அதைத் தின்றுவிட்டது.

அதன்பின் சடையன் சும்மா இருக்கவில்லை. ஒரு வேப்பங்கன்றைக் கொண்டுவந்து நட்டது. பிறகு தேனுக்குப் புகை போட்டது. மறுநாள் வேறொரு தேன்கூட்டுக்குப் போனது. அங்கேயும் ஒரு கன்று நட்டது, புகை போட்டது.

பார்க்க வந்த ஆமைக்கு ஆச்சரியம். "நன்றாக இருக்கிறதே! நேற்று நட்ட கன்று எங்கே?"

"இதுதான் அது!" என்றது சடையன் பெருமையாக. "பிடுங்கிட்டு வந்துட்டேன். ஒரு புகைக்கு ஒரு கன்று. கணக்கு பூஜ்யம்!"

ஆடி மாதம் பதினெட்டாம் நாள் வந்தது. ஒச்சாயியின் முட்டைகள் பொரிய இன்னும் இரண்டே நாள். உள்ளே குஞ்சுகள் ஓட்டைத் தட்டுகிற சத்தம்கூட அதற்குக் கேட்டது.

அன்று காலையில் மலை எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையாக மேடு ஏறின.

"அண்ணே! பெரிய மழை வருது!" என்று ஒரு கட்டெறும்பு சடையனின் காதருகே கத்தியது. "கீழே சொல்லணுமே!"

சடையன் தேன் நக்கிக்கொண்டிருந்தது. "அதான் தீர்மானத்தில் இருக்கே! யாராவது சொல்லுவாங்க."

"சொல்லியாச்சா?"

"இவ்வளவு நேரம் சொல்லாமலா இருப்பாங்க? நீ போ அப்பு, வழி விடு."

நண்பகலில் மலையில் மழை கொட்டியது. மொட்டை மலையில் தண்ணீர் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. உருண்டு வந்தது. நடுக்குளத்தில் காத்தாயியின் முழங்கால்வரை இருந்த தண்ணீர் வயிற்றுக்கு வந்தது.

"மதினி, தண்ணி ஏறுதே! கடைக்குளத்துக்குச் சொல்ல வேண்டாமா?" என்று கேட்டது ஒரு தவளை.

"மலையிலிருந்து வர்ற தண்ணி. சடையன் சொல்லாமலா இருப்பாரு?" என்று காத்தாயி நகர்ந்து மேட்டில் படுத்துக்கொண்டது.

கடைக்குளத்தில் மட்டும் நல்ல வெயில். காற்று அடித்தது. பொன்னன் மல்லாந்து மிதந்தபடி தூங்கிக்கொண்டிருந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை.

அடையில் உட்கார்ந்திருந்த ஒச்சாயி ஓடையைப் பார்த்தது. தண்ணீர் கறுப்பாக வந்தது. அதன்மேல் சாம்பல் மிதந்தது. கருகிய பட்டைகள் சுழன்று வந்தன.

இங்கே வெயில். ஆனால் இது மலைச் சாம்பல்!

"டிட்டிட்டீ! வெள்ளம்! டிட்டிட்டீ! எழுந்திரிங்க!"

பொன்னன் ஒரு கண்ணைத் திறந்தது. "உனக்குத் தடை இருக்கு தாயி, கத்தக் கூடாது!"

"தடையை நாளைக்கு விசாரிச்சுக்கோ! இப்ப வந்து ஆகாயத்தாமரையை இழு!"

"வானம் தெளிவா இருக்கே!"

"வானத்தைப் பார்க்காதே! தண்ணியைப் பாரு! கரை உடைஞ்சா மீனும் போகும், நீயும் போவே!"

பொன்னன் தண்ணீரைப் பார்த்தது. கறுப்பு நீர் அதன் மீசையைத் தொட்டது. அடுத்த கணம் அது கலுங்குக்குப் பாய்ந்தது. அதன் உறவுக்காரர்கள் எல்லோரும் பின்னால் பாய்ந்தார்கள். நண்டுகள் தண்டை வெட்டின. கொக்குகள் கொத்தாகக் கொத்தாக இழுத்து எறிந்தன. ஒச்சாயி மேலே வட்டமிட்டுக் கத்திக்கொண்டே இருந்தது. "இடது பக்கம்! வேரோட இழுங்க! இன்னும் ரெண்டு கொத்துதான்!"

தண்ணீர் கரைமேட்டில் ஏறியது. கூழாங்கற்களை நனைத்தது. ஓரத்தில் இருந்த ஒரு முட்டை அசைந்தது. உருண்டது. ஒச்சாயியின் துணைவன் அலகால் தடுத்துப் பார்த்தான். முடியவில்லை. அது போய்விட்டது.

அப்போது கலுங்கு திறந்தது. அடைத்துக் கிடந்த நீர் பேரிரைச்சலோடு வெளியே பாய்ந்தது. கரைமேட்டில் ஏறிய தண்ணீர் நின்றது. பிறகு இறங்கியது.

மூன்று முட்டைகள் மிஞ்சின.

இரண்டு நாளில் அவை பொரிந்தன. ஆள்காட்டிக் குஞ்சுகள் ஓட்டிலிருந்து வந்ததும் ஓடும். இவையும் ஓடின.

அடுத்த வாரம் மறுபடியும் கூட்டம். ஒச்சாயி குஞ்சுகளோடு நடந்தே வந்தது. வந்து சேர இரண்டு நாள் ஆனது.

"நடந்ததுக்கு ரொம்ப வருத்தம்" என்று சடையன் தொடங்கியது. "ஆனா நம்ம தீர்மானம் நல்ல தீர்மானம். அதை மறுபடியும் வாசிப்போம். இலை எங்கே?"

காத்தாயி ஏப்பம் விட்டது.

ஆமை இந்தமுறை பனையோலை கொண்டுவந்திருந்தது. "இதைத் தின்பது கஷ்டம்" என்று காத்தாயியைப் பார்த்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்தது.

"இந்தத் தடவையும் யாராவதுன்னு எழுதினா, நான் இங்கிருந்து நகர மாட்டேன்" என்றது ஒச்சாயி. "ராத்திரி பகல் பார்க்காம கத்துவேன்!"

"ஐயோ!" என்றன தவளைகள். அவற்றுக்கே அது பெரிய மிரட்டலாக இருந்தது.

பொன்னன் முதலில் வாய் திறந்தது. "கலுங்குக்கு என் பேரை எழுதுங்க. மாதம் ஒரு தடவை சுத்தம் பண்றேன். மீன் கிடைக்காட்டியும் பரவாயில்லை." கொஞ்சம் யோசித்துவிட்டு, "கொஞ்சம் கிடைச்சா நல்லது" என்றது.

"நடுக்குளத்திலிருந்து கடைக்குளத்துக்கு நான் சொல்றேன்" என்று காத்தாயி முனகியது. "நாணலையும் இனிமே பாதியோட விட்டுடுறேன்."

ஆமை இரண்டு பெயர்களையும் எழுதியது. மலைக்கான இடம் காலியாக இருந்தது. எல்லோரும் சடையனைப் பார்த்தார்கள். சடையன் வானத்தைப் பார்த்தது.

அந்த நேரத்தில் ஒரு குஞ்சு ஓடிப்போய் அதன் கால் மயிருக்குள் புகுந்துகொண்டது. இன்னொன்றும் ஓடியது. மூன்றாவதும் ஓடியது. மூன்றும் அங்கே கதகதப்பாக உட்கார்ந்துகொண்டன. சடையன் காலை அசைக்கப் பயந்து அப்படியே உட்கார்ந்திருந்தது.

"ஏ ஒச்சாயி, போன கூட்டத்தில நாலுன்னு சொன்னியே?" என்று மெல்லக் கேட்டது. "நாலாவது எங்கே?"

"அதை யாராவது கொண்டுபோயிட்டார் அண்ணே."

ஒருவரும் சிரிக்கவில்லை. கட்டெறும்பு மட்டும் எங்கிருந்தோ தொண்டையைக் கனைத்துக்கொண்டது.

சடையன் குனிந்து குஞ்சுகளைப் பார்த்தது. பிறகு கையை நீட்டியது. "ஓலையைக் குடுங்க ஆமையாரே. முள்ளையும் குடுங்க."

அது தானே எழுதியது. கரடி எழுத்து, கோணல் மாணலாக இருந்தது. எழுதி முடித்து எழுந்து நின்றது. குஞ்சுகள் விழுந்துவிடாமல் மெதுவாகத்தான் எழுந்தது.

"மூணு குளத்துக்காரங்களும் சாட்சி" என்றது. "எறும்பு மேடு ஏறினா ஓடிவந்து நடுக்குளத்துக்குச் சொல்ல வேண்டியவர் பேரு இதில் இருக்கு. மலையில புகையை அணைச்சு, நட்ட கன்றைப் பிடுங்காம மரமாக்க வேண்டியவர் பேரும் இதில் இருக்கு. ரெண்டும் ஒரே பேருதான்."

"சத்தமா வாசிங்க!" என்றது ஒச்சாயி. "கடைக்குளம்வரை கேட்கணும்!"

சடையன் ஓலையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, மலையே கேட்கும்படி வாசித்தது.

"மேல்குளத்துக் கரடி, சடையன்!"

பலர் கூடி ஏற்றுக்கொண்ட பொறுப்பு, அதற்கு நேரே ஒருவருடைய பெயர் எழுதப்படும்வரை, யாருடைய பொறுப்பும் ஆகாது.