கல்வெட்டாங்குழிக்குப் போகும் பாதை

"சாமி, என் ஆளுங்க ஒருத்தன்கூட என்னை எதுத்து ஒரு வார்த்தை பேசினது கிடையாது. பெறகும் பல்லக்கு ஏன் சாஞ்சுது?"

பூதலிங்கம் இதைக் கேட்டுவிட்டுக் கைகட்டி நின்றார்.

சாமி ஈரத் துண்டைப் பிழிந்து கொடியில் போட்டார்.

துண்டைப் பிழிந்ததில் ஏதோ அர்த்தம் இருக்கிறது என்று பூதலிங்கம் மனசுக்குள் வாங்கி வைத்துக்கொண்டார். ஒரு மண்ணும் இருந்திருக்காது. துண்டு ஈரமாக இருந்தது, பிழிந்தார்.

கேட்டவருக்கு வயசு அறுபது தாண்டிவிட்டது. சாமிக்கு நாற்பதுகூட ஆகவில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து, போன வருஷம்தான் இந்த மலையடிவாரத்து மடத்துக்குத் தலைவர் ஆனவர். இருந்தால் என்ன, குரு குருதானே. அந்த விஷயத்தில் பூதலிங்கம் ரொம்பக் கறார்.

நூற்பாலையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்ற மனுஷன். தான் உள்ளே நுழைந்தால் மிஷின் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் கேட்காது என்று அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

மடத்தில் பல்லக்குத் தூக்குகிற ஆட்களை அவர் பொறுப்பில் விட்டிருந்தார்கள். அதையும் மில் மாதிரியே நடத்தினார். முன்னால் நின்று கையைத் தூக்கினால் பல்லக்கு எழும்ப வேண்டும், இறக்கினால் இறங்க வேண்டும். ஏன், எதற்கு என்கிற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

அப்படி இருந்தும், முந்தாநாள் ஊர்வலத்தில் தெற்குத் தெரு முடுக்கில் திரும்பும்போது பல்லக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. உற்சவ மூர்த்திக்கு ஒன்றும் ஆகவில்லை. தண்டு சுவரில் உரசிக் காரை பெயர்ந்ததோடு போயிற்று. ஆனால் ஊரே பார்த்துவிட்டதே.

பூதலிங்கத்துக்கு மானம் கப்பலேறிவிட்டது. பின்தண்டைத் தாங்கி வந்த நயினாரை நடுத்தெருவில் நிறுத்தி, பெண்டு பிள்ளைகள் பார்க்க, வாய்க்கு வந்தபடி ஏசித் தீர்த்தார்.

நயினார் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. தலைப்பாகையை அவிழ்த்தான், ஊருக்குப் போய்விட்டான்.

இன்றைக்கு மத்தியான பஸ்ஸில் அவன் புனலூருக்கு ரப்பர் தோட்டத்து வேலைக்குப் போகிறான் என்று காலையில்தான் தகவல் வந்தது. அவன் ஏறினால் மற்றவர்களும் ஒவ்வொருத்தராகக் கழன்றுகொள்வார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நாளைக்குத் திருவிழாவின் கடைசி நாள். தூக்க ஆள் இல்லாமல் பல்லக்கு மண்டபத்திலேயே கிடந்தால், அதற்கப்புறம் ஊரில் எந்த முகத்தோடு நடமாடுவது?

பூதலிங்கத்துக்கு ராத்திரி பூராவும் தூக்கமில்லை. குறை எங்கே என்றுதான் பிடிபடவில்லை. சொன்ன நேரத்துக்கு வருகிறார்கள். சொன்னதைச் செய்கிறார்கள். ஒருத்தன் முணுமுணுத்தது கிடையாது.

"சாமி ஒரு உத்தரவு போட்டா நயினார் வந்துருவான்," என்றார்.

"வருவான். வந்து?"

"தூக்குவான்."

"முந்தாநாளும் தூக்கத்தானே செஞ்சான்?"

சாமி மேல்துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு வாசலில் இறங்கினார்.

"வாங்க, நேர்லயே போய்ப் பார்த்துட்டு வருவோம்."

திருவிழா முடிகிறவரை மடத்துத் தலைவர் வண்டி ஏறக் கூடாது என்பது அங்கே வழக்கம். அதனால் நடந்தார்கள். சாமி முன்னால் போனார். குருவுக்குச் சமமாக நடப்பது மரியாதை இல்லை என்று பூதலிங்கம் தள்ளியே வந்தார்.

வயற்காட்டு நடுவில் ஒரு பம்புசெட்டு. அங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது. வலது கைப்பக்கம் போனால் நயினாரின் ஊரான செங்கமடை. இடது பக்கம் போனால் பாறை உடைத்தெடுத்த பழைய கல்வெட்டாங்குழி, அதோடு பாதை முடிந்தது. பல்லக்குக்கு ஆள் சேர்க்கப் பூதலிங்கம் எத்தனையோ தடவை வந்து போன வழி. கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்விடுவார்.

சாமி இடது பக்கம் திரும்பினார்.

பூதலிங்கம் வாயைத் திறந்தார்.

மூடிக்கொண்டார்.

சாமிக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தேதான் போகிறார். இதில் ஏதோ காரியம் இருக்கிறது. நடுவில் புகுந்து, 'சாமி, வழி இது இல்லை' என்று சொல்ல நாம் யார்? அதிகப்பிரசங்கித்தனமாகிவிடாதா?

கொஞ்ச தூரம் போனதும் சாமி நின்று திரும்பிப் பார்த்தார்.

"இந்த வழி சரிதானே?"

"சாமி போறதுதான் வழி," என்றார் பூதலிங்கம், குனிந்து.

சாமி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு நடந்தார்.

வெயில் ஏறிக்கொண்டே வந்தது. பூதலிங்கத்தின் தலைக்குள் ஒரு சந்தையே கூடிவிட்டது. ஒருவேளை இது சோதனையோ? பஸ் போனால் போகட்டும், பற்றை விடு என்று சொல்லாமல் சொல்கிறாரோ? இல்லை, நயினாரே கல்வெட்டாங்குழிப் பக்கம் வந்து நிற்பான் என்று சாமிக்கு ஞானதிருஷ்டியில் தெரிந்துவிட்டதோ? அப்படியும் நினைத்தார் மனுஷன், என்னத்தைச் சொல்ல.

பஸ் போய்விடும் என்று ஒரு மனசு அடித்துக்கொண்டது. சாமி இருக்கிறபோது உனக்கென்ன பயம் என்று இன்னொரு மனசு அதட்டியது. இரண்டுக்கும் நடுவில் கால் மட்டும் அதன் பாட்டுக்கு நடந்தது.

பாதை முடிந்தது.

எதிரே பெரிய பள்ளம். அடியில் பச்சைத் தண்ணீர். அந்தப் பக்கம் செங்குத்தாகப் பாறை. ஒரு ஆடுகூடக் கண்ணில் படவில்லை.

சாமி நின்றார். பூதலிங்கமும் நின்றார். இப்போது சொல்லுவார், இந்த இடத்தில்தான் சொல்லுவார் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"இது என்ன இடம்?"

"கல்வெட்டாங்குழி, சாமி."

"செங்கமடைக்கு இப்படியா போகணும்?"

"இல்ல சாமி. அந்தப் பம்புசெட்டுகிட்ட வலது கைப்பக்கம் போவணும்."

"அங்கேயே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சாமி."

பூதலிங்கத்துக்கு உடம்பு சிலிர்த்தது. கையெடுத்துக் கும்பிட்டு, வழி தவறுவதும் ஒரு வழிதான் என்று சாமி எனக்குக் காட்டிவிட்டீர்கள் என்று தழுதழுத்தார்.

"நான் ஒண்ணும் காட்டலைங்க. எனக்கு வழி தெரியாது."

"தெரியாதுன்னா?"

"தெரியாதுன்னா தெரியாது. அதுக்குள்ள என்னத்தைத் தேடுறீங்க? இந்தப் பக்கம் நான் வந்ததே கிடையாது."

பூதலிங்கத்துக்குத் தலை சுற்றியது. வெயிலால்தான் என்று சொல்ல முடியாது.

"அப்பம் எதுக்கு சாமி முன்னால நடந்தீய?"

"நீங்க பின்னாலயே வந்தீங்க. நான் என்ன பண்ணட்டும்?"

சாமிக்குக் கோபம்தான். மறைக்கவும் இல்லை. காலில் செருப்பு கடித்திருந்தது வேறு. வழியில் நின்று கேட்டேனே, அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்றார்.

"சாமி தெரிஞ்சேதான் போறீயன்னு நினைச்சேன்," என்றார் பூதலிங்கம். குரல் அவருக்கே கேட்கவில்லை.

"தப்பா இருந்தா நீங்க சொல்லுவீங்கன்னு நான் நினைச்சேன்."

மலைக்கு அந்தப் பக்கம் எங்கேயோ ஒரு பஸ் ஹாரன் அடித்தது. எந்த பஸ் என்று தெரியவில்லை. பூதலிங்கத்துக்கு உயிரே போய் வந்தது.

"இனிமே நீங்க முன்னால போங்க," என்றார் சாமி.

பூதலிங்கம் தயங்கினார். குருவுக்கு முன்னால் எப்படி நடப்பது? ஒரு கணம்தான். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்துவிட்டார். அறுபது வயசுக்கு அது ஓட்டம்தான்.

ஓட ஓடக் குழப்பம் தீரவில்லை, கூடிற்று. ஒரு குரு இப்படி வாயைத் திறந்து 'தெரியாது' என்று சொல்லலாமா? மில்லில் இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது அவர் அப்படிச் சொல்லியிருப்பாரா? சொன்னால் அடுத்த நாள் எவன் மதிப்பான்? ஆனால் சாமி சொல்லிவிட்டாரே. சொன்ன பிறகும் சாமி மேலிருந்த மரியாதை ஒரு பொட்டுக்கூடக் குறையவில்லையே. அது எப்படி? அதுதான் அவருக்கு விளங்கவே இல்லை.

மெயின் ரோட்டில் செங்கமடைக்குப் பிரிகிற விலக்கில் பஸ் நின்றுகொண்டிருந்தது.

வாழைத்தார்களை மேலே ஏற்றிக்கொண்டிருந்ததால் புறப்படத் தாமதம். பின்படியில் ஒரு காலை வைத்தபடி நயினார் நின்றான். இடது கையில் பை. வலது தோளில் பச்சிலை வைத்துப் பெரிதாகக் கட்டுப் போட்டிருந்தது.

பூதலிங்கத்துக்கு மூச்சு வாங்கியது. வழி நெடுக, வா என்று அதட்டுவதா, வந்துவிடப்பா என்று கெஞ்சுவதா என்று யோசித்துக்கொண்டு வந்திருந்தார். அந்தக் கட்டைப் பார்த்ததும் இரண்டும் வாயில் வரவில்லை.

"இது எப்பம் வந்தது?"

"கொடியேத்தத்துக்கு முன்னாலயே. தென்னையில இருந்து விழுந்துட்டேன். கட்டு நேத்துதான் போட்டது." நயினார் கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "அந்த முடுக்குல தோள் விட்டுப்போச்சு. கையே இல்லாத மாதிரி இருந்துச்சு."

"மத்தவங்களுக்குத் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும். அவங்கதான் ஆளுக்குக் கொஞ்சமா என் பாரத்தைச் சேத்துச் சுமந்தாங்க."

பூதலிங்கத்துக்குச் சுருக்கென்றது. தினமும் முன்னால் நின்று கையைத் தூக்கியவர் அவர். முதுகுக்குப் பின்னால் இத்தனை பேர் இத்தனை நாள் இதைச் சேர்ந்து சுமந்திருக்கிறார்கள். அவருக்கு மட்டும் தெரியவில்லை.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

நயினார் விழித்தான். இப்படி ஒரு கேள்வியை அவன் எதிர்பார்க்கவில்லை போல.

"சொல்லணுமா? தெரிஞ்சுதான் தூக்கச் சொல்லுதீயன்னு நினைச்சோம்."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்தால் நனைவோம் என்பதைப் போல, உள்ளதைச் சொன்னான். ஏசியிருந்தால்கூடப் பூதலிங்கம் தாங்கியிருப்பார்.

சாமி அப்போதுதான் நொண்டிக்கொண்டே விலக்குக்கு வந்து சேர்ந்தார். பூதலிங்கம் அவர் பக்கம் திரும்பவில்லை.

டிரைவர் வண்டியைக் கிளப்பினார். ஏறுவதானால் ஏறு, இல்லையென்றால் படியை விடு என்று கண்டக்டர் சத்தம் போட்டார்.

பூதலிங்கம் படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"எனக்குத் தெரியாது, நயினாரு."

நயினார் அவர் முகத்தையே பார்த்தான்.

"நெசமாவே தெரியாதாய்யா?" என்று கேட்டுக்கொண்டே படியிலிருந்து காலை எடுத்துத் தரையில் வைத்தான்.