குருவிக்கரட்டில் தெரிந்த தீபம்

அருவங்கிரி மலைக்கு ஆயிரத்து அறுநூறு படிகள். ஏற இயலாத முதியவர்களையும் நோயாளிகளையும் டோலியில் வைத்துச் சுமந்தவர்களுள் ஒருவர் பொங்கியண்ணனார். விடியும்போதே குளித்து, திருநீறு பூசி, டோலியின் மூங்கில் தண்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அடிவாரத்தில் நிற்பார். கோயில் வாசலில் டோலியை இறக்கியதும் தூக்கிகள் உள்ளே நுழையாமல் அடுத்த சவாரிக்கு இறங்கிவிட வேண்டும் என்பது அங்கே கட்டுப்பாடு. இருபத்தோராண்டுகள் எத்தனையோ பேரை மலைமேல் உறையும் அருவநாதர் முன் கொண்டுபோய்ச் சேர்த்தவர், தாம் ஒருநாளும் அந்த வாசலைத் தாண்டியதில்லை. படிக்கல்லைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு திரும்பிவிடுவார். அதில் அவருக்குக் குறை இருந்ததாகத் தெரியவில்லை.

குறை ஒன்றே ஒன்று. மனைவி பாவாத்தாள் அம்மையார் மணமான இரண்டாம் ஆண்டில் புளி உலுக்கும்போது மரத்திலிருந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. "மலைக்கு ஒருதரம் போயி சாமியைப் பாக்கோணும்" என்று அவர் கேட்டது அந்த ஒன்றைத்தான். டோலிக்குக் கூலி கொடுத்து ஏற்றிச் செல்ல வசதியில்லை. ஒருநாள் பொங்கியண்ணனார் அம்மையாரை முதுகில் ஏற்றிக்கொண்டு படியேறத் தொடங்கினார். நூறு படி தாண்டுமுன் டோலி மேஸ்திரி ஒண்டிமுத்து வழி மறித்தான்.

"எறக்கு. இந்தப் படியில டோலியைத் தவிர வேற சுமை ஏறக்கூடாது."

"என்ற சம்சாரங்க மேஸ்திரி. ஒரே ஒரு தரம்..."

"ஒரு தரமா? நாளைக்கு ஊரு முச்சூடும் முதுகுல ஏத்திக்கிட்டு வரும். அப்புறம் நம்ம டோலியைக் கூப்பிடறது ஆரு? இத்தனை பேரு வயித்துல மண்ணைப் போடாதே, எறங்கு."

பொங்கியண்ணனார் இறங்கினார். வீட்டுக்குப் போகவில்லை. மலைக்கு எதிரே குருவிக்கரடு என்றொரு சிறு குன்று உண்டு. படியும் கிடையாது, கோயிலும் கிடையாது. ஆடு மேய்ப்பவர்கள்கூட அதை மலை என்று சொல்லமாட்டார்கள். அதன் மேல் அம்மையாரைச் சுமந்து ஏறி, உச்சிப் பாறையில் இருத்தினார்.

அங்கிருந்து அருவங்கிரி முழுவதும் தெரிந்தது. படிகள் வெள்ளைக் கோடாக வளைந்து ஏறின. உச்சியில் கோபுரம், அதன் அருகே தீபக் கொப்பரை. கீழே ஏரியும், பனை வரிசையும், சோளக்காடும். மலை மேலேயே நாளெல்லாம் ஏறி இறங்கியவர் அந்த மலையை முழுதாகக் கண்டது அன்றுதான்.

"ஏனுங்க, இத்தனை பெருசா இருக்குதே!" என்றார் அம்மையார்.

"ஆமா அம்மிணி. நான் படியை மட்டுந்தான் பாத்திருக்கறேன்" என்றார் அவர்.

அன்று முதல் மாலைதோறும் குருவிக்கரடே அவர்களுக்குச் சந்நிதியாயிற்று.

ஊர் அதைப் பொறுக்கவில்லை. "ஏப்பா பொங்கியண்ணா, உங்க சாமி முழங்கால் உசரந்தானா?" என்று டீக்கடையில் கேட்பார்கள். "கழுதைக்குக் கரடு போதும்டா, கொம்புள்ள மாடுதான் மலை ஏறும்" என்பார் இன்னொருவர். ஒருநாள் அவர் ஏறும் தடத்தில் யாரோ வேலமுள்ளைப் பரப்பி வைத்திருந்தார்கள். காலில் குத்திய முள்ளை அவர் மேலே போய்த்தான் பிடுங்கினார். நின்றால் முதுகில் இருப்பவருக்குத் தெரிந்துவிடுமே என்று.

மேஸ்திரி வேறு வழியில் அடித்தான். டோலி தூக்குபவர்கள் உயரம் பார்த்து ஜோடி சேர்வார்கள். ஜோடி இல்லாதவனுக்குச் சவாரி இல்லை. "பொண்டாட்டியைச் சுமக்கற தோளு. அதுல சாமி கும்பிட வர்றவங்களை ஏத்தினா ஆகுமா?" என்று அவன் ஒரு வார்த்தை சொன்னான். மறுநாள் முதல் பொங்கியண்ணனாரோடு தண்டு பிடிக்க எவரும் வரவில்லை. இருபத்தோராண்டுத் தொழில் அன்றோடு போயிற்று. அவர் விறகு வெட்டப் போனார். கூழ் ஒருவேளையாயிற்று. கரடு ஏறுவது மட்டும் நிற்கவில்லை.

கார்த்திகைத் தீபம் வந்தது. மலையுச்சித் தீபத்தைத் தாமோ ஊரில் வேறொருவரோ கண்ணால் கண்ட பிறகே வீட்டு விளக்கை ஏற்றி விரதம் முடிக்க வேண்டும் என்பது அவ்வூர் முறை. காணாமல் ஏற்றுவது பொய் விளக்கு. பொய் விளக்கு ஏற்றிய குடும்பம் ஊரைவிட்டே போக வேண்டும்.

அன்று பிற்பகலிலேயே மேகம் இறங்கி மலையைப் பாதிக்கு மேல் மூடிவிட்டது. பொழுது சாய்ந்தது. ஊரெல்லாம் அகலும் கையுமாக வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தது. ஒன்றும் தெரியவில்லை. பசித்த குழந்தைகள் அழுதன. அந்த நேரத்தில் குருவிக்கரட்டின் உச்சியில் ஒற்றை அகல் எரிவதை எல்லோரும் கண்டார்கள்.

"பாத்தீங்களா அவன் திமிர? ஊரே பட்டினி நிக்கிது, அவனுக்கு மட்டும் தெரிஞ்சு போச்சா?" என்று கூட்டம் கொதித்தது.

மேஸ்திரி தடியை எடுத்துக்கொண்டு கரட்டின் மேல் ஓடினான். தூறலில் பாறை வழுக்கியது. மேலே வந்தபோது அவனுக்குப் பேச்சு வரவில்லை, மூச்சுத்தான் வந்தது. பாவாத்தாள் அம்மையார் அவனைப் பார்த்துக் கையூன்றி நகர்ந்து இடம் விட்டார்.

"வாங்க தம்பி. மொதல்ல உக்காருங்க. அதோ பாருங்க."

அவன் பார்த்தான். மேகத்தின் நடுவே, கொப்பரை இருக்க வேண்டிய இடத்துக்குச் சற்று மேலே, தீபம் நின்றது. காற்று அத்தனை அடித்தும் அது அசையவில்லை. மேஸ்திரி தடியைக் கீழே வைத்தான். பிறகு ஊரை நோக்கி, "தெரியுது! ஏத்துங்க!" என்று கத்தினான். கீழே விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன.

மறுநாள் காலை, மலைமேல் பூசை செய்யும் பெரிய பண்டாரம் இறங்கி வந்து ஊர்ப் பொதுவில் நின்றார்.

"ஊராரு மன்னிக்கோணும். நேத்து மேல தீபம் ஏத்தவே முடியலீங்க. திரி, நெய் எல்லாம் நனஞ்சு போச்சு. கையை நீட்டினாக் கை தெரியல."

உடனே கூட்டம் முழுவதும் பொங்கியண்ணனார் குடிசைக்கு ஓடியது. "பொய் விளக்கு! ஊரு விரதத்தையே கெடுத்துட்டான்!" அடுப்பிலிருந்த கூழ்ச்சட்டி தெருவில் வந்து உடைந்தது. ஒருவர் கல்லெடுத்தார். பொங்கியண்ணனார் குனிந்து அம்மையாரை முதுகில் ஏற்றிக்கொண்டார்.

"பயமா இருக்குதா அம்மிணி?"

"நீங்க நடங்க. நாம பாத்தது பாத்ததுதானுங்களே."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேஸ்திரி முன்னால் வந்து நின்றான். "கல்லைக் கீழ போடுங்கடா. ஊருக்குக் கத்தினது நானு. பொய் விளக்குன்னா என்னைய மொதல்ல வெரட்டுங்க. இவரு மேல எனக்கு என்ன பாசம்? பொழப்பைக் கெடுத்தவனே நான்தான். ஆனா பாத்தேன். என்ற ரெண்டு கண்ணால பாத்தேன்."

பண்டாரம் அவனிடம் மெல்லக் கேட்டார். "எங்க பாத்தே? கொப்பரையிலயா?"

"கொப்பரையில இல்லீங்க. அதுக்கும் மேல, ஓராள் உசரத்துல நின்னுச்சு. காத்துக்கு ஆடவே இல்லை."

பண்டாரத்தின் முகம் மாறியது. "கொப்பரையை நாங்க மழைக்குக் கவுத்தில்ல வெச்சிருந்தோம்" என்றார். "முப்பது வருசமா நான் ஏத்தி ஊருக்குக் காட்டினேன். உங்களுக்கு அவரே எரிஞ்சு காட்டியிருக்காரு." அப்படியே சேற்றில், அந்த இருவர் முன்பும் விழுந்து வணங்கினார். எறிய எடுத்த கற்கள் கைகளிலிருந்து நழுவின.

மேஸ்திரி தானே டோலியைக் கொண்டுவந்து வைத்தான். "ஏறுங்க ஆத்தா. கட்டுப்பாடு கெடக்குது. மலைமேல, சந்நிதி உள்ள வரைக்கும் நான் தூக்கறேன்."

பாவாத்தாள் அம்மையார் சிரித்தார். "மலைக்கு இன்னொரு நாள் போலாம் தம்பி. இன்னிக்குக் கரட்டுக்குத் தூக்கிட்டுப் போங்க. இவருக்கு முதுகு நோவுது, சொல்லமாட்டேங்கறாரு."

அன்று மாலை டோலியின் முன்தண்டை மேஸ்திரியும் பின்தண்டைப் பொங்கியண்ணனாரும் பிடித்தனர். வழியில் வேலமுள் கிடந்த இடமெல்லாம் யாரோ பெருக்கி வைத்திருந்தார்கள்.

வாசல்வரை வந்தும் உள்ளே வராதவரைத் தேடி, அருவநாதன் வெளியே வந்து நின்றான். அவனை நிற்க வைத்த அன்பராம் பொங்கியண்ணனாரையும், அவர் முதுகிலிருந்து அவனைக் கண்ட பாவாத்தாள் அம்மையாரையும் வணங்கி மகிழ்வோம்.