வெள்ளைப் பாம்பின் பழுப்புக் குட்டிகள்

ஒரு காட்டுக் குளத்தின் கரையில் பாறைக் குகை ஒன்று இருந்தது. அதில் செவ்வந்தி, தும்பையன் என்று இரண்டு மலைப்பாம்புகள் குடும்பம் நடத்தின. இரண்டும் பால் வெள்ளை. வெள்ளை உடம்பை வைத்துக்கொண்டு புல்லிலும் சருகிலும் ஒளிய முடியுமா? இரையும் பார்த்துவிட்டு ஓடிவிடும், எதிரியும் பார்த்துவிட்டு வந்துவிடுவான். அதனால் காட்டு விலங்குகளே இரக்கப்பட்டு அந்தக் குகையை அவர்களுக்கு விட்டுக்கொடுத்திருந்தன.

குகைமேல் ஓர் உடும்புக்கு வெகுநாளாகக் கண். எந்தப் பிராணியைப் பார்த்தாலும் அதன் வம்சத்தையே சொல்லிவிடுவேன் என்று பெருமையடித்துத் திரிகிற உடும்பு அது.

செவ்வந்தி முட்டையிட்டு, அவற்றைச் சுற்றிச் சுருண்டு, பட்டினி கிடந்து அடைகாத்தாள். முட்டைகள் பொரிந்தன. வெளியே வந்ததில் ஒரு குட்டிகூட வெள்ளையில்லை! எல்லாம் பழுப்பு, முதுகு நெடுகக் கறுப்புப் பட்டை. செவ்வந்திக்குத் திக்கென்றது. ஆனால் தன் வயிற்றில் பிறந்த குட்டிகளைத் தாய்க்குத் தெரியாதா?

உடும்பு சும்மா இருக்குமா? காடு முழுக்கத் தண்டோரா போட்டது. வெள்ளைக்கும் வெள்ளைக்கும் பழுப்பு பிறக்காது, அவள் முட்டைகள் கூமுட்டையாகிப் போயிருக்கும், வேறு யாருடைய முட்டைகளையோ திருடிவிட்டாள் என்றது. அந்தக் காட்டில் முட்டைத் திருட்டுக்கு மன்னிப்பே கிடையாது. குட்டிகளைப் பறித்துக்கொண்டு, திருடியவளைக் காட்டைவிட்டே துரத்திவிடுவார்கள். நிஜத் தாய் கிடைக்கும்வரை குட்டிகளைத் தானே பார்த்துக்கொள்வதாக உடும்பு தாராளமாக வேறு சொன்னது. ஒவ்வொன்றாக விழுங்கித்தான் பார்த்துக்கொள்ளும் என்று செவ்வந்திக்குத் தெரியும்.

தும்பையன் குட்டிகளைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டான். உடும்பின் பேச்சைவிட அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

அழுது ஆகப்போவது ஒன்றுமில்லை என்று அவள் குளத்தில் தன் முகத்தைப் பார்த்தாள். வெயிலில் படுத்துத் தன் உடம்பைப் பார்த்தாள். குட்டிகளின் முதுகைப் பார்த்தாள். தும்பையனின் கண்ணையும் ஒருமுறை உற்றுப் பார்த்தாள். விஷயம் பிடிபட்டுவிட்டது.

மறுநாள் குளத்தங்கரையில் பஞ்சாயத்து கூடியது. காட்டெருமைதான் தலைவர். செவ்வந்தி தன் தங்கையையும் வரவழைத்திருந்தாள், அவளும் வெள்ளை. தும்பையனையும் சேர்த்து மூவரும் நிழலில் படுத்து, தலையை மட்டும் புதருக்குள் மறைத்துக்கொண்டார்கள்.

உள்ளேயிருந்தபடியே செவ்வந்தி கேட்டாள்: “உடும்பண்ணே, வம்சம் பார்க்கிறதுல உங்கள மிஞ்ச ஆளில்ல. இதுல கூடப்பிறந்த ரெண்டு பேர் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்.”

“இதுல சொல்ல என்ன இருக்கு? மூணும் ஒரே வெள்ளை, ஒரே வம்சம்!” என்றது உடும்பு.

செவ்வந்தியும் தங்கையும் வெயிலுக்கு வந்து தலையைத் தூக்கினார்கள். இருவர் கண்ணும் மாதுளை முத்துபோல் சிவப்பு. நிழலில் வெறும் வெள்ளையாகத் தெரிந்த முதுகில் வெளிர்மஞ்சள் பட்டைகள் தெரிந்தன. அடுத்து தும்பையன் வந்தான். அவன் உடம்பில் ஒரு கோடுகூட இல்லை. கண்ணோ கன்னங்கறுப்பு. கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது.

“தலைவரே, எங்க வம்சத்துக்குப் பட்டை உண்டு, அதுல பூசக் கறுப்பு இல்ல. கண்ணுலகூட இல்ல. அவர் வம்சத்துக்குக் கறுப்பு உண்டு, கண்ணப் பாருங்க. உடம்புலதான் அது ஒட்டல. என்கிட்ட இல்லாதத அவர் கொடுத்தார், அவர்கிட்ட இல்லாதத நான் கொடுத்தேன். பிள்ளைங்க முழுசாப் பிறந்திருக்காங்க.”

கதை நன்றாகத்தான் இருக்கிறது, அத்தாட்சி எங்கே என்று உடும்பு இளித்தது. செவ்வந்தி குட்டிகளைத் தன் பக்கத்தில் வரிசையாகப் படுக்க வைத்தாள். அவள் பிடரிப் பட்டை கவட்டைபோல் இரண்டாகப் பிரிந்திருந்தது. தங்கைக்கும் அப்படியே. குட்டிகளுக்கும் அதே இடத்தில் அதே கவட்டை, ஆனால் கன்னங்கறுப்பில்! வேறு எந்த மலைப்பாம்புக்கும் அப்படி இல்லை என்று மரத்திலிருந்த குரங்குகள் கத்தின.

காட்டெருமை குனிந்து ஒவ்வொரு பிடரியாகப் பார்த்தது. “பிள்ளைங்க இவளோடதுதான். திருடின்னு சொன்ன வாய் இனி இந்தக் காட்டுல பேசக் கூடாது” என்று தீர்ப்புச் சொன்னது. உடும்பு வாலைச் சுருட்டிக்கொண்டு காட்டைவிட்டே ஓடியது. தும்பையன் மெல்ல ஊர்ந்து வந்து, தப்பாக நினைத்துவிட்டேன் என்று அவளிடம் தலை தாழ்த்தினான்.

அந்நேரம் பருந்தின் நிழல் கரையில் விழுந்தது. செவ்வந்தி பதறிக் குட்டிகளைத் தேடினாள். ஒன்றையும் காணோம்! பருந்து வட்டமடித்துப் பார்த்துவிட்டு ஏமாந்து போனது. காய்ந்த சருகுகளுக்கு நடுவிலிருந்து ஒவ்வொரு தலையாக எட்டிப் பார்த்தது. ஆயுளெல்லாம் குகையில் பதுங்கிக் கிடந்த செவ்வந்தி ஆனந்தத்தில் அந்தத் தலைகளை எண்ணி எண்ணிப் பார்த்தாள். அன்று முதல் அவள் குட்டிகள் பட்டப்பகலில் காடெல்லாம் சுற்றித் திரிந்தன.

நிறம் ஒன்றானால் வம்சமும் ஒன்று, நிறம் மாறினால் அந்நியம் என்று உற்றுப் பார்க்காமல் முடிவு கட்டுகிறவன் ஊர் நடுவில் வெட்கப்பட்டு நிற்பான்.