கம்ப்யூட்டருக்கு வந்த மறதி

ஊத்துப்புதூர் சென்னியப்பனையும் அவருடைய இரண்டு கூட்டாளிகளையும் யாராவது முட்டாள்கள் என்றால் எனக்குக் கோபம் வரும். அவர்கள் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள், அவ்வளவுதான். சொல்கிறவர்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மூவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. சென்னியப்பனிடம் ஒரு மொபெட் உண்டு. ஓட்டுவது அவர், நடுவில் நாச்சிமுத்து, கடைசியில் குப்பண்ணன் என்று வாராவாரம் அதில் சந்தைக்குப் போவார்கள். போன வாரம் போனது மொபெட்டில், திரும்பி வந்தது பஸ்ஸில். வண்டி எங்கே என்று மகன் தங்கராசு பதறினான்.

"கண்டக்டர் ஏறுங்க, ஏறுங்கன்னாரு. ஏறிட்டோம்," என்றார் சென்னியப்பன்.

தங்கராசு சந்தைக்கு ஓடி வண்டியை மீட்டு வந்தான். ஊர் மண்டபத்தில் முகாம் போட்டு ஞாபக மறதியைக் கம்ப்யூட்டர் வைத்து முன்கூட்டியே கண்டுபிடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டான்.

"ஞாபகம் இல்லாதவங்க வண்டி ஓட்டக் கூடாதுங்கப்பா. கம்ப்யூட்டர் சரின்னு சொன்னா சாவி உங்களுக்கு. இல்லீனா எனக்கு."

மொபெட் இல்லாத வாழ்க்கையை நினைத்துச் சென்னியப்பனுக்கு அன்று சோறே இறங்கவில்லை. துணைக்குக் கூட்டாளிகளையும் கூட்டிக்கொண்டு முகாமுக்குப் போனார்.

அங்கே நர்ஸ் மேகலா கம்ப்யூட்டர் முன்னால் அவரை உட்காரவைத்து, "அது சொல்றதை அப்படியே செய்யுங்க அய்யா," என்றாள். பாவம், அவளுக்கு வெளியூர்.

கம்ப்யூட்டர் இனிமையான பெண் குரலில் பேசியது. "மாம்பழம், குடை, ரயில். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்."

"மூணையும் நீ ஒருத்தனே வெச்சுக்குவியா?" என்று கவலைப்பட்டார் குப்பண்ணன். "ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கலாம். நாச்சிமுத்து, நீ மாம்பழத்தை வெச்சுக்கோ."

"எனக்குச் சக்கரை. மாம்பழம் ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

நியாயம்தானே? மாம்பழத்தைச் சென்னியப்பன் எடுத்துக்கொண்டார். நாச்சிமுத்துவுக்குக் குடை. ஒரு தடவை ஈரோட்டில் ரயிலைப் பார்த்திருந்ததால் ரயில் குப்பண்ணனுக்கு.

அடுத்து, "பதினொன்று பத்து காட்டும் கடிகாரத்தை வரையுங்கள்," என்றது கம்ப்யூட்டர்.

சென்னியப்பன் சுவரைப் பார்த்தார். மணி பத்தேகால்தான் ஆகியிருந்தது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"வரைங்க அய்யா," என்றாள் மேகலா.

"இப்ப எப்படி அம்மிணி வரையறது? பொய்க் கணக்கா ஆயிடுமில்ல? சித்த இருங்க, நேரம் வரட்டும்."

மேகலா தலையில் கைவைத்துக்கொண்டு மற்றவர்களைக் கவனிக்கப் போனாள். பதினொன்று பத்து ஆனதும் சென்னியப்பன் அழகாக ஒரு கடிகாரம் வரைந்தார். அதுவரை கம்ப்யூட்டரும் வாயைத் திறக்காமல் காத்திருந்தது. அதன் பொறுமையைச் சொல்ல வேண்டும்.

பிறகு அது கேட்டது: "இன்று என்ன கிழமை?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வியாழக்கிழமைங்க," என்றார் சென்னியப்பன்.

"இது எந்த ஊர்?"

"ஏனப்பா, வந்த ஊரே தெரியலையா இதுக்கு?" என்று கிசுகிசுத்தார் நாச்சிமுத்து. சென்னியப்பன், காது கேளாதவர்களிடம் பேசுவதுபோல், "ஊத்துப்புதூருங்க!" என்று கத்தினார்.

"சற்று முன் சொன்ன மூன்று சொற்கள் என்ன?"

குப்பண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. "தானே சொல்லிப்போட்டுத் தானே கேக்குது! முத்திப்போச்சப்பா."

மூவரும் ஆளுக்கொரு சொல்லாக, மெதுவாக, அதற்குப் புரியும்படி எடுத்துச் சொன்னார்கள். கம்ப்யூட்டர் நன்றி சொன்னது. திரையில் 'ஞாபகத்தில் குறை ஏதும் இல்லை' என்று வந்தது. மொபெட்டில் பின்னாலேயே வந்திருந்த தங்கராசு மகிழ்ச்சியோடு சாவியை நீட்டினான்.

சென்னியப்பன் சாவியை வாங்கிக்கொண்டார். ஆனால் முகம் தெளியவில்லை. வெளியே வந்ததும் நின்றார்.

"ஞாபகம் இல்லாதவங்க வண்டி ஓட்டக் கூடாதுன்னு எம் மகன் சொன்னானே. அந்தக் கம்ப்யூட்டர் பொட்டி வந்த வேன் அங்க நிக்குது பாரு."

"சாவி அதுலயேதான் தொங்குது," என்றார் நாச்சிமுத்து.

 குப்பண்ணன் கனத்த மனத்தோடு போய் வேன் சாவியை உருவி மடியில் முடிந்துகொண்டார். டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர் ஓடிவந்தார்.

"யோவ் பெரியவரே, சாவியைக் குடுங்க!"

"தர முடியாதுங்க. அதுக்கு ஊரே தெரியல. எங்கியாச்சும் போய் மோதிப்போடும்."

"வேனை ஓட்டறது நானுங்க!"

அதுவும் யோசிக்க வேண்டிய விஷயமாகத்தான் பட்டது. சென்னியப்பன் டிரைவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்படீன்னா சொல்லுங்க. இன்னைக்கு என்ன கிழமை?" என்றார்.

ஊர் ஊராக முகாமுக்கு ஓடிக் களைத்த டிரைவர் தலையைச் சொறிந்தார். "கிழமையா... புதனா, வியாழனா..."

"ஐயோ, இவருக்கும் ஒட்டிக்கிச்சு!" என்று அலறினார் குப்பண்ணன்.

மூவரும் துண்டால் மூக்கை இறுக்கக் கட்டிக்கொண்டு மொபெட்டில் பாய்ந்து ஏறி, வேன் சாவியோடு பறந்துவிட்டார்கள்.